சலீம் பாயும் நிறையாத கேனும்

சலீம் பாய் போன செய்தியை நம் மருத்துவமனை நர்ஸ் செல்விதான் சொன்னார். "மேடம், சலீம் பாய் போய்ட்டாருங்க. காலையில சந்தவாசல் வூட்ல டீ குடிச்சிக்கினே சாஞ்சிட்டாராம். மாரடைப்புன்னு சொல்றாங்க." அழுகை வருவதற்கு முன்னால் வேறொன்று வந்தது. அதை மறைத்துவிட்டு இந்த அஞ்சலியை எழுத எனக்கு மனமில்லை. இனிமேல் மலையில் யாரும் என்னைத் தாண்டி அவரிடம் போய் நிற்க மாட்டார்கள் என்று தோன்றியது. பன்னிரண்டு வருடப் பொறாமை, மனிதரை அடக்கம் செய்வதற்குள் தலையைக் காட்டிவிட்டது.

உங்களில் பலருக்கு எங்கள் இருவரையும் தெரியும். ஜவ்வாது மலையில் உள்ள நம் சின்ன மருத்துவமனையில் அவர் லேப் டெக்னீசியன். நான் பதினைந்து நாளுக்கு ஒருமுறை போளூரிலிருந்து மலையேறும் சிறுநீரக மருத்துவர். பட்டங்களெல்லாம் என் பெயருக்குப் பின்னால்தான் இருந்தன. ஆனால் நான் எழுதிக் கொடுத்த சீட்டை நோயாளிகள் நேராக லேப் ஜன்னலுக்குக் கொண்டுபோவார்கள். "பாய், டாக்டரம்மா இன்னா எழுதிக்கீறாங்க?" என்று கேட்பார்கள். அவர் விளக்கிச் சொன்ன பிறகுதான் மருந்து வாங்கப் போவார்கள். என் நாற்காலியிலிருந்து பார்த்தால் அந்த ஜன்னல் தெரியும். குளிர்காற்று வருகிறது என்று சொல்லி என் அறைக் கதவைச் சாத்தச் சொல்வேன். சித்திரை மாதத்திலும் சொல்லியிருக்கிறேன்.

ஒருமுறை ஒரு பயாப்ஸி ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "மேடம், கிட்னியில முடிச்சு முடிச்சா இருக்குதுன்னு போட்டிருக்காங்களே, எவ்ளோ நாள் தாங்கும்னு அத வெச்சு சொல்ல முடியுமா?" என்றார். பல வருடச் சர்க்கரையால் சிறுநீரகத்தின் வடிகட்டிகளில் முடிச்சு விழும். ஆனால் நோய் எவ்வளவு வேகமாக முற்றும் என்பதை அது மட்டும் சொல்லாது. வடிகட்டிகளை அடுத்த நுண்குழாய்களுக்கு நடுவே எவ்வளவு தழும்பு ஏறியிருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். இதை ஐந்து நிமிடத்தில் சொல்லி அனுப்பினேன். அடுத்த முறை போனபோது ஜன்னலில் ஒரு விவசாயியிடம் அவர் பேசுவது காதில் விழுந்தது.

"அண்ணே, சாமை வெதைக்கிற நெலம்னு வெச்சுக்கோங்க. மண்ணு இறுகிப்போச்சுன்னா எவ்ளோ மழ பேஞ்சாலும் தண்ணி எறங்காது. உங்களுது இன்னும் இறுகல. இப்பவே மாத்திரைய ஒழுங்கா போடுங்க."

அந்த விவசாயி அதன் பிறகு ஒரு வேளை மாத்திரையைக்கூடத் தவறவிடவில்லை. அவரிடம் அதையே நான் மூன்று முறை சொல்லியிருந்தேன். என்னிடம் கற்றுக்கொண்டதை என்னைவிட நன்றாகச் சொல்கிறாரே என்று வயிறு எரிந்தது.

இப்போது காளியின் விஷயத்துக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். காளி மலைமேல் சாமை பயிரிடுகிறவர், புளியும் எடுக்கிறவர். சர்க்கரை நோயாளி. காலில் வீக்கம் வந்தது, சிறுநீரில் புரதம் போனது. சர்க்கரைதான் சிறுநீரகத்தைப் பிடித்துவிட்டது என்று எழுதி மருந்து கொடுத்தேன். மூன்று மாதம் கழித்து, ஒரு நாள் முழுக்கப் போகும் சிறுநீரை ஒரு கேனில் சேர்த்துக் கொண்டுவரச் சொன்னேன். புரதம் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. என் மருந்து வேலை செய்கிறது என்று பூரித்துப்போனேன். சலீம் அந்தக் கேனையே தூக்கிக்கொண்டு என் அறைக்கு வந்தார்.

"மேடம், இது ஒரு நாள் யூரின் இல்லீங்க. கால் கேன்கூட இல்ல. இதுல கிரியேட்டினினும் போட்டுப் பாத்தேன். இந்த ஒடம்புக்கு இவ்ளோ கம்மியா வராதுங்க."

"கால் வீங்கியிருக்கே, கம்மியாதான் போகும்" என்றேன். கிரியேட்டினின் தசையிலிருந்து தினமும் ஏறக்குறைய ஒரே அளவில் வெளியேறும் கழிவு, கால் வீங்கினால் குறையாது என்பதை அப்போது நான் யோசிக்கவில்லை.

அவர் வெளியே நின்ற காளியை உள்ளே கூப்பிட்டார். "அண்ணே, நாள் பூரா போனது எல்லாத்தையும் இதுல புடிச்சீங்களா?"

"வூட்ல போனத எல்லாம் புடிச்சேன் பாய். காட்டுக்குப் புளி உலுக்கப் போனா அங்க எப்டி புடிக்கிறது? நாலு பேரு பாக்க இந்தக் கேனைத் தூக்கிக்கினு போவ சொல்றீங்களா?"

சலீம் சிரிக்கவில்லை. கேனை மறைத்து எடுத்துப்போக ஒரு துணிப்பை கொடுத்து அனுப்பினார். மறுபடி சேர்த்துப் பார்த்தபோது, புரதம் முதலில் போனதைவிட அதிகமாகப் போவது தெரிந்தது. கூடவே காளியின் கண் பரிசோதனைச் சீட்டையும் என் முன்னால் வைத்தார். "கண்ணுல சர்க்கரை பாதிப்பே இல்லன்னு எழுதியிருக்காங்க மேடம். கிட்னிய இவ்ளோ கெடுத்திருந்தா பெரும்பாலும் கண்ணையும் தொட்டிருக்கும்னு நீங்கதானே சொன்னீங்க? பயாப்ஸி பண்ணிப் பாத்துடலாங்களா?"

செய்தோம். முடிச்சுகள் இல்லை. சர்க்கரையின் தடம் லேசாகத்தான் இருந்தது. வடிகட்டியின் சுவர் வேறொரு நோயால் தடித்திருந்தது. உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் சிறுநீரகத்தையே தாக்குகிற நோய் அது. அதற்குத் தனி மருந்து உண்டு. தழும்பும் அதிகம் ஏறவில்லை. நான் இன்னும் கொஞ்ச காலம் பூரித்துக்கொண்டே இருந்திருந்தால் காளி டயாலிசிஸில் போய் நின்றிருப்பார். இன்று அவர் மரமேறிப் புளி உலுக்குகிறார்.

பிறகு வேலூரில் ஒரு மருத்துவர் கூட்டத்தில் இந்தக் கதையை நான் பேசினேன். "சிறுநீரின் அளவைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம் வந்தது" என்றேன். 'எனக்கு' என்றுதான் சொன்னேன். திரையில் படங்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தவர் சலீம். எல்லோரும் கைதட்டினார்கள், அவரும் தட்டினார். திரும்பும்போது ஜீப்பில் "நல்லா பேசினீங்க மேடம், எல்லாருக்கும் புரிஞ்சிது" என்றார். குத்திக் காட்டுகிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒன்றும் இல்லை. ஒரு சண்டையாவது போட்டிருக்கலாம். பெருந்தன்மையிலும் என்னை முந்திவிட்டாரே என்று போளூர் வரும்வரை அவரோடு பேசவில்லை.

அடக்கத்தன்று மலையிலிருந்து இரண்டு வேன் நிறைய ஆட்கள் சந்தவாசலுக்கு வந்திருந்தார்கள். காளி தெருவோரம் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார். நான் செத்தால் இவர் இப்படி அழுவாரா என்று அங்கே நின்றுகொண்டும் நினைத்தேன். என்னைப் பார்த்ததும் எழுந்து கைகூப்பினார்.

"என் நோயக் கண்டுபுடிச்சது நீங்கதான்னு பாய் எப்பவும் சொல்லுவாருங்க, டாக்டரம்மா."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "இல்ல காளி. கண்டுபுடிச்சது அவர்தான். நான் தப்பா பாத்தேன். வெளியில போய் என் பேரைச் சொல்லிக்கிட்டேன்."

காளி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தெரியுங்கம்மா. நானும் அந்த ரூம்லதானே நின்னுக்கினு இருந்தேன். டாக்டரம்மா மனசு நோவும், வெளிய சொல்லாதீங்க அண்ணேன்னு பாய் சொன்னாரு. மலையில எல்லாருக்கும் தெரியும், அவங்ககிட்டயும் பாய் அதையேதான் சொல்லிவெச்சாரு. உங்க காதுக்கு வராம பாத்துக்கினோம்."

சலீம் பாயிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது பொறாமைதான். முன்பு நோயாளிகள் அவரிடம் போகிறார்களே என்று பொறாமைப்பட்டேன். இப்போது, என் மானத்தைக் காக்க அத்தனை பேரிடமும் சொல்லிவைத்த அந்த மனசின்மேல் பொறாமைப்படுகிறேன். இந்தப் பொறாமையை நான் விடப் போவதில்லை. அன்று கைதட்டிய மருத்துவர்கள் எல்லோருக்கும் இந்தக் கட்டுரையை அனுப்புகிறேன். காளியின் நோயைக் கண்டுபிடித்தவர் லேப் டெக்னீசியன் சலீம்.