லிபோரியோவின் வெள்ளைப் பூ

பிரேசிலின் ரியோ நகரில் முடிதிருத்தும் கடை வைத்திருந்த லிபோரியோவைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியைத் தேடினாலும் கிடைக்காது. நாற்காலியில் உட்கார்ந்தவர் அரசரைப் புகழ்ந்தால் தலையாட்டுவார். திட்டினாலும் அதே தலைதான் ஆடும். அடிமைகளை விடுவிக்கச் சொல்லி நாடக அரங்குகளில் பேச்சாளர்கள் முழங்கிய அந்த வருடங்களில் அவர் அரங்குகள் இருந்த தெருப் பக்கமே போகவில்லை. அடிமைகளை வைத்து வேலை வாங்கும் காப்பித் தோட்ட முதலாளிகளும் சவரத்துக்கு வருகிறார்களே.

அவருடைய ஒரே கர்வம் காலணி. அடிமைகள் வெறுங்காலோடுதான் நடக்க வேண்டும். அவருடைய தாய் விடுதலை பெற்றதும் முதல் வேலையாக ஒரு ஜோடி வாங்கினார். காய்த்துப்போன பாதம் உள்ளே நுழையாமல், கையில் தூக்கிக்கொண்டே ஊரைச் சுற்றினார். மகனோ பளபளவென்று துடைக்காமல் வாசல் தாண்ட மாட்டார்.

எதிர்க்கடைத் தையற்காரி யூலாலியாவின் கண்ணில் படுவதற்காக, ஒருநாள் கோட்டில் வெள்ளைக் கமேலியாப் பூ ஒன்றைக் குத்திக்கொண்டு வந்தார்.

"பூவெல்லாம் பலமா இருக்கே. விடுதலைக்காரங்க வெக்கிற பூ அது. தப்பி வந்த அடிமைங்க அதப் பாத்துதான் அடைக்கலம் கேப்பாங்க, தெரியுமில்ல?" என்றாள் அவள்.

"வக்கீல் பசங்க எல்லாம் அழகுக்கு வெச்சிருக்காங்களே. என் மூஞ்சியப் பாத்து எவன் கேக்கப்போறான்?"

தோட்ட முதலாளியான மேஜர் ஒருவர் கடைக்குள் நுழைந்ததும் பூ சட்டைப் பைக்குள் போய்விட்டது. மேஜரின் முகத்தில் வெந்நீர்த் துண்டைப் போட்ட நேரத்தில், பின்வாசலில் ஒருத்தி வந்து நின்றாள்.

"பூ வெச்சிருந்தீங்களே ஐயா," என்று கிசுகிசுத்தாள். "பின்னாலயே வந்தேன். பேரு பென்வின்தா."

"யாரது?" என்றது துண்டு.

தலையாட்டித் தப்பிக்க வழியில்லை. "எங்கக்கா, மேஜர் ஐயா. சாப்பாடு கொண்டாந்திருக்கா."

சொன்ன பிறகுதான் அவளுடைய கால்களைப் பார்த்தார். வெறுங்கால், வெடித்து ரத்தம் கசிந்தது. துண்டை எடுத்தால் தீர்ந்தது கதை. லிபோரியோ குனிந்து தன் காலணியைக் கழற்றி அவளுக்கு மாட்டிவிட்டு, மூலையில் உட்காரவைத்தார். பிறகு வெறுங்காலோடு கத்தியை எடுத்தார். மனதுக்குள் தாயைக் கூப்பிட்டுக்கொண்டே சவரத்தை முடித்தார்.

மேஜர் எழுந்து அவளைப் பார்த்தார், பிறகு இவருடைய பாதங்களைப் பார்த்தார்.

"அக்காவுக்கு ஷூ, தம்பிக்கு வெறுங்காலா? இப்பப் பாத்தா நீதான்டா அடிமை மாதிரி இருக்கே."

வாழ்நாள் முழுக்க எந்தச் சொல்லுக்குப் பயந்தாரோ, அதே சொல். லிபோரியோ தலையாட்டினார். "ஆமாங்க ஐயா." மேஜர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

கசங்கிய பூவை மறுபடி குத்திக்கொண்டு, பென்வின்தாவோடு தெருவைக் கடந்தார். தப்பியவர்கள் ஒளிந்து வாழும் மலைப்பக்கப் பூந்தோட்டத்துக்குப் போக வேண்டும். காலணி பெரிதாக இருந்ததால் அவள் தடுமாறினாள். யூலாலியா இருவரையும் ஏற இறங்கப் பார்த்தாள். துணித் துண்டுகளைக் காலணிக்குள் திணித்து, கயிற்றை இறுக்கிக் கட்டினாள்.

"இருங்க, நானும் வர்றேன். மூணு பேராப் போனா குடும்பம்னு நெனைப்பாங்க."

ஊர் அப்படியே நினைத்ததால் பென்வின்தா பத்திரமாகத் தோட்டம் போய்ச் சேர்ந்தாள். பிறகு லிபோரியோவும் யூலாலியாவும் உண்மையாகவே குடும்பமானார்கள். விடுதலைச் சட்டம் வந்த நாளில் லிபோரியோ கடையைப் பூட்டிவிட்டு, யூலாலியாவின் கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் நின்று அழுதார். அந்தக் காலணி திரும்பி வரவேயில்லை. அவர் கேட்கவுமில்லை.