பாதி டிக்‌ஷனரி

நானும் என் தோழியும் பத்தாவது படிக்கும்போது ஸ்ரீபெரும்புதூர் பழைய பேப்பர் கடையில் சேர்ந்து ஓர் இங்கிலீஷ்-தமிழ் டிக்‌ஷனரி வாங்கினோம். அவளுக்குக் காஞ்சிபுரம் பக்கம் கல்யாணமானபோது அது யாருக்கு என்று சண்டை வந்தது. நடுவில் கிழித்தோம். ஏ முதல் எல் வரை எனக்கு, எம் முதல் இஸட் வரை அவளுக்கு.

எனக்கு வார்த்தைப் பைத்தியம். ஒன்றைத் தேடப் போய், பக்கத்தில் இருக்கும் பத்தையும் மேய்ந்துவிட்டு, எதற்கு வந்தேன் என்பதையே மறந்துவிடுவேன். உலை பொங்கி வழியும். "இங்கிலீஷ்காரன் வந்து சோறு வடிப்பானா?" என்று அம்மா கத்துவாள். கத்தட்டும்.

பிறகு மறைமலை நகரில் ஒரு கம்பெனி ஸ்டோரில் வேலை கிடைத்தது. அங்கே பெட்டிக்குப் பெட்டி இங்கிலீஷ். சனியன், எனக்கு வேண்டிய வார்த்தையெல்லாம் அவள் பாதியில்தான் இருக்கும்! கார்டு போட்டுக் கேட்பேன். பதில் வரும்வரை வாசலுக்கும் அடுப்புக்குமாக நடப்பேன். ஒருமுறை 'ரெஸ்ட்லெஸ்' என்றால் என்ன என்று கேட்டேன். "இருப்புக் கொள்ளாதவ. கண்ணாடில பாரு" என்று எழுதியிருந்தாள். அம்மா பயந்துபோகும் அளவுக்குச் சிரித்தேன்.

மறு வருஷமே முழு டிக்‌ஷனரி ஒன்று வாங்கிவிட்டேன். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் கார்டு நின்றுவிடுமே. அர்த்தம் தெரிந்த வார்த்தைகளையே கேட்டு மூன்று வருஷம் எழுதினேன்.

ஒரு பொங்கலுக்குத் தாய்வீடு வந்தவள் என்னைப் பார்க்க வந்தாள். அலமாரியில் தடியாக இருந்ததை எடுத்துப் பிரித்தாள். வாங்கிய தேதியை முதல் பக்கத்தில் நானே எழுதி வைத்திருந்தேன், அறிவு கெட்டவள்.

"அடிப்பாவி! கார்டுல இங்கிலீஷ் எழுத்தப் பாத்துட்டு, எவனோ ரகசியமா எழுதறான்னு என் மாமியாரு கத்தும். வூட்டுக்காரரு நாள் கணக்கா மூஞ்சி குடுத்துப் பேச மாட்டாரு. நீ அர்த்தம் தெரியாம தவிச்சினு இருப்பேன்னுதானேடி அத்தினி திட்டும் வாங்கினு எழுதினேன்?"

கூனிக் குறுகி நின்றேன்.

"உனக்குத்தான் முழுசா கீதே. அந்தப் பாதிய இப்டி குடு" என்று என்னுடையதை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

இனி அவளிடம் கேட்க ஒன்றுமில்லை. ஆனாலும் தபால்காரர் மணியடித்தால் எழுந்து ஓடினேன். வெறுங்கையோடு திரும்பி அம்மாவிடம் எரிந்து விழுந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்கு கார்டுகளை எழுதிக் கிழித்தேன். இதற்கும் அவள் திட்டு வாங்குவாள் என்று தெரிந்தே ஐந்தாவதைத் தபாலில் போட்டேன். அதில் இங்கிலீஷ் ஒரு எழுத்துகூட இல்லை. "கோவமா கீறியா?" என்று மட்டும் எழுதியிருந்தேன்.

பன்னிரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது.

"கீறேன். அதுக்காக எழுதாம இருந்துடாதே."