கவிழ்த்து வைத்த அன்னக்கூடை

பட்டினப்பாக்கத்தில் ஒரு நீலக் கதவின் முன்னால் கவிழ்த்து வைத்திருந்த அலுமினிய அன்னக்கூடையை முதன்முதலில் பார்த்தபோது, கழுவிக் காய வைத்திருக்கிறார்கள் என்று மட்டுமே நினைத்தேன். அடிப்புறம் நசுங்கியிருந்தது, விளிம்பில் இரண்டொரு மீன் செதில்கள் வெயிலில் மின்னின. அதை ஒதுங்கிக் கடந்து கதவைத் தட்டினேன். மூன்று முறை தட்டியும் திறக்கவில்லை. கையிலிருந்த களப்பணிக் குறிப்பேட்டில் மணி இரண்டு என்று குறித்து, ‘ஒத்துழைப்பு இல்லை’ என்று எழுதினேன். அந்தத் தெருவில் அன்று ஒன்பது வீடுகளுக்கு அதே இரண்டு சொற்கள்.

அப்போது எனக்கு ஐம்பத்திரண்டு வயது. தியாகராய நகரில் ஒரு பதிப்பகத்தில் மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்தவள், அது மூடப்பட்ட பிறகு, அடையாறு பக்கம் ஒரு சமுதாயக் கல்லூரியில் சமூகப்பணிப் பட்டயப் படிப்பில் சேர்ந்திருந்தேன். வறுமையைப் பற்றிய எத்தனையோ நூல்களில் பிழை பார்த்திருக்கிறேன். அதுவே ஒரு தகுதி என்ற எண்ணம் எனக்குள் இருந்திருக்க வேண்டும். இந்தப் படிப்புக்கு ஏன் வந்தோம் என்று முதல் நாள் ஒவ்வொருவரும் எழுந்து சொன்னோம். நான் மனித மாண்பு பற்றிச் சற்று நீளமாகவே பேசிவிட்டு அமர்ந்தேன். என் பெஞ்சில் பக்கத்து இடத்துக்காரி முப்பது வயது மீன் வியாபாரி. அவள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள். “எங்க தெருவுக்கு நோட்டு எடுத்துக்கினு நெறைய பேரு வராங்க. எதையோ எழுதிக்கினு போறாங்க. அப்டி இன்னாதான் எழுதுறாங்கன்னு தெரிஞ்சிக்கலாம்னு வந்தேன்” என்றாள். வகுப்பு சிரித்தது. துறைத்தலைவி மட்டும் சிரிக்கவில்லை.

அவள் எனக்குப் புஸ்தகக்கா என்று பெயர் வைத்தாள். என் முழங்கால் வலி தெரிந்ததும், மாடிப்படியில் எனக்கு ஒரு படி பின்னால் ஏறுவதை வழக்கமாக்கிக்கொண்டாள். கை கொடுத்தால் நான் கூச்சப்படுவேன் என்று அவளுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. பாடத்தில் வரும் கடினமான சொற்களுக்கு என்னிடம் பொருள் கேட்பாள். நான் சொன்னதைத் தன் பேச்சில் ஒருமுறை சொல்லிப் பார்ப்பாள். பல நேரங்களில் அவள் சொன்ன பிறகுதான் எனக்கே அது விளங்கியது. ஆனால் மதியம் இரண்டு மணி ஆகிவிட்டால், நோட்டின் மேல் கன்னத்தை வைத்து உறங்கிவிடுவாள்.

வயதில் மூத்தவள் என்பதால் எங்கள் களப்பணிக் குழுவுக்கு நான்தான் தலைவி. மாத இறுதியில் ஒவ்வொருவரைப் பற்றியும் குறிப்பு எழுதித் தர வேண்டும். ஈடுபாடு இல்லாதவரின் இடம், வெளியே காத்திருப்பவருக்குப் போய்விடும். அதை அறிந்தே அவளைப் பற்றி எழுதினேன்: ‘வகுப்பில் உறங்குகிறார். ஈடுபாடு குறைவு.’ பகையெல்லாம் இல்லை. கண்டதைப் பிழையில்லாமல் எழுதுகிறேன் என்ற பெருமை, அவ்வளவுதான்.

எங்கள் கல்லூரியில் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவரைப் பற்றி எழுதியதை அவர் முன்னிலையில் வாசித்துக் காட்ட வேண்டும். துறைத்தலைவியின் அறையில் வைத்து நான் வாசித்தேன். அவள் கைகட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். தொடர்ந்து பட்டினப்பாக்கத்தில் அவள் தெருவைப் பற்றி எழுதிய பக்கத்தையும் வாசித்தேன். முடிந்ததும், அங்கே எத்தனை மணிக்குப் போனேன் என்று கேட்டாள். இரண்டு மணி என்றேன்.

“விடிகாலம் ரெண்டு மணிக்கு எந்திரிச்சு காசிமேடு போயி, ஏலம் எடுத்து, வித்து முடிச்சு, குளிச்சிட்டு அப்பதாங்க்கா கண்ணு அசரும். கூடை கவுந்திருந்தா உள்ள ஆளு தூங்குதுன்னு அர்த்தம். அந்த நீலக் கதவு எங்க வூடுதான். எங்கம்மா உள்ள படுத்துக்கினு இருந்துச்சு.” கோபம் இல்லாமல்தான் சொன்னாள். பிறகு லேசாகச் சிரித்தாள். “உங்க மந்தைவெளித் தெருவுல ஒரு மணிக்கு மேல மீனுன்னு கூவினா மாடிலேர்ந்து திட்டுறாங்க. நீங்க மட்டும் வந்து கதவத் தட்டலாமா? இன்னாக்கா நாயம் இது?”

என் கணவர் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும் நேரத்தில், அழைப்பு மணியின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் நான் ஒவ்வொரு நாளும் இருந்திருக்கிறேன். உறக்கத்துக்கு ஒரு மரியாதை உண்டு என்பது எனக்குத் தெரியாததல்ல. அது என் தெருவோடு முடிந்துவிடும் என்று நினைத்திருந்தேன்.

எழுதியதை அடித்துவிடட்டுமா என்று துறைத்தலைவியிடம் கேட்டேன். வேண்டாம், அது அப்படியே இருக்கட்டும், கீழே இன்று அறிந்ததை எழுதுங்கள் என்றார். எழுதினேன். ஆனாலும் வகுப்பில் உறங்குவதை அவரால் ஏற்க முடியவில்லை. இன்னும் ஒரு மாதம் பார்ப்பதாகச் சொன்னார். மறுநாளிலிருந்து உணவு இடைவேளையில், பழைய நாற்காலிகள் கிடந்த ஓர் அறையில் அவளுக்காகப் பாய் விரித்தேன். வாசலில் என் டிபன் டப்பாவைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அருகிலேயே உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பேன். இரண்டாம் நாளே மற்றவர்களுக்குப் புரிந்துவிட்டது. அந்தப் பக்கம் வருபவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். ஒரு மாதம் போயிற்று, அவள் இடம் நிலைத்தது. பட்டயம் வாங்கிய நாளில் என்னைவிட அவளுக்கு நான்கு மதிப்பெண் கூடுதல்.

இப்போதும் அவள் காலையில் மீன் விற்கிறாள். மாலையில் தன் தெருப் பெண்களின் மனுக்களை எழுதிக்கொடுக்கிறாள். எழுதியதை அவர்களுக்கே வாசித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து வாங்குகிறாளாம். போன வாரம் என் மகளின் திருமணப் பத்திரிகையோடு பட்டினப்பாக்கம் போயிருந்தேன். வழியில் பேருந்து சீக்கிரம் கிடைத்துவிட்டதால் மூன்று மணிக்கே போய்ச் சேர்ந்துவிட்டேன். நீலக் கதவு பச்சையாக மாறியிருந்தது. வாசலில் அன்னக்கூடை கவிழ்ந்திருந்தது. எதிர்ச்சாரியில் ஒரு டீ வாங்கிக்கொண்டு அவள் வீட்டுப் படியின் ஓரத்தில் அமர்ந்தேன். கடற்காற்று பத்திரிகையைப் புரட்டப் பார்த்தது. மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

நான்கு மணிக்குத் தாழ்ப்பாள் விலகியது. ஒரு கை வெளியே வந்து கூடையை நிமிர்த்தியது. அப்புறம்தான் என்னைக் கண்டாள். எப்போது வந்தீர்கள் என்று கேட்டாள். இப்போதுதான் என்றேன்.

அவள் என் காலடியில் இருந்த டீ கிளாஸைப் பார்த்தாள். “பொய் சொல்லாதீங்கக்கா, கிளாஸு காஞ்சி ஈ மொச்சிக்கினு கீது” என்றாள். பிறகு கதவை அகலத் திறந்து வைத்தாள். “நோட்டு இருந்தா எழுதிக்குங்க. கதவு தொறந்துச்சுன்னு.”