மூன்றாம் பெஞ்சில் உட்கார்ந்தவள்

இது நடந்தது. நடக்கவில்லை என்பவன் என் எதிரில் வந்து சொல்லட்டும். இருட்டு கிடையாது, சுடுகாடு கிடையாது. பட்டப்பகலில், நாற்பது பிள்ளைகளும் ஒரு வாத்தியாரும் இருந்த பரீட்சை அறையில் நடந்தது. மனிதர்களையே நம்பாதவன் நான். பேயையா சட்டென்று நம்பிவிடுவேன்? இதை மட்டும் தள்ள முடியவில்லை.

2006, ஜனவரி. பொங்கல் முடிந்த அடுத்த வாரம். உத்திரமேரூரிலிருந்து ஏழு கல் தள்ளி ஒரு மேல்நிலைப் பள்ளி. பேர் வேண்டாம். அங்கே தண்ணீர் கொடுக்கும் ஆள் இருசப்பன். அவன் மகள் சுலோச்சனாவும், தம்பி கன்னியப்பனின் மகள் பிரபாவும் அங்கேதான் பிளஸ் டூ படித்தார்கள்.

தம்பியைக் கண்டாலே இருசப்பனுக்கு வயிறு எரியும். தம்பி போட்ட போரில் தண்ணீர், இவன் போட்டதில் புழுதி. தம்பி வீட்டு எருமை கிடேரி போடும், இவன் வீட்டு எருமை கடா போடும். படிப்பிலும் அப்படியே. எல்லாப் பாடத்திலும் பிரபாதான் முதல்.

ஒரே ஒரு பாடம் தவிர. சுற்றுச்சூழல் அறிவியல் என்று பள்ளியில் வைத்திருந்தார்கள். ஏரி, செடி, குப்பை, காற்று... அதில் அரையாண்டில் சுலோச்சனா இரண்டு மார்க் கூட. உத்திரமேரூர் பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் முகம்மது கௌஸ் பாய் பள்ளி விழாவில் மைக்கில் சொல்லியிருந்தார்: ஏரியைப் பற்றிப் படிக்கிற பாடத்தில் கடைசிப் பரீட்சையில் முதல் வருகிற பிள்ளைக்குக் காலேஜ் செலவு முழுக்கத் தன்னுடையது என்று. இருசப்பனுக்கு மகளைக் காலேஜுக்கு அனுப்ப வேறு வழியே இல்லை.

அதனால் மகளோடு அவனும் படித்தான் என்றே சொல்லலாம். எழுத்துத் தெரியாது. ஆனால் ஏரிக்கரையில் நடத்திக் கூட்டிப்போய்ச் செடி செடியாகப் பேர் சொன்னான். மேலண்டை மதகில் ஒன்று, கீழண்டை மதகில் ஒன்று என்று இரண்டு பாட்டிலில் தண்ணீர் பிடித்துக் கொடுத்தான். எல்லாம் ரெக்கார்டு நோட்டில் ஏறியது.

அந்த நோட்டைக் கேட்டு பிரபா வந்தாள். பின்னாலேயே அவள் அம்மா ராணியம்மாள்.

"பெரியப்பா, ஒரு ராத்திரி குடு. காலைல குடுத்துடறேன்."

"வூட்ல இல்ல."

"இன்னா மாமா," என்று சிரித்தாள் ராணியம்மாள். "அல்லிக்கொடி பேர எங்க பொண்ணு தெரிஞ்சிக்கினா ஏரியே வத்திடுமா?"

சுலோச்சனா உள்ளேயிருந்து நோட்டைக் கொண்டுவந்து தானே கொடுத்தாள். இருசப்பன் அன்று சாப்பிடவில்லை.

ஜனவரி 24, செவ்வாய்க்கிழமை. பத்து மணிக்கு அந்தப் பாடத்தின் கடைசிப் பரீட்சை. எந்தப் பிள்ளை எந்த அறை என்று போர்டில் ஒட்டியிருந்தார்கள். இருசப்பனுக்குப் படிக்க வராது. அடுத்தவனைக் கேட்கிற பழக்கமும் கிடையாது. அவனுக்கு ஏழாம் அறை. குடத்தை நிரப்பிக்கொண்டு உள்ளே போனபோது மணி 9.58.

மூன்றாம் பெஞ்சில் பிரபா.

அவளேதான். தம்பி மூக்கு. இடது புருவத்தில் சின்ன வயதில் பட்ட வெட்டு. அப்படியானால் சுலோச்சனா பக்கத்து எட்டாம் அறையில் இருக்கிறாள் என்று அவனாகவே முடிவு செய்துகொண்டான்.

அறையில் வேதாசலம் வாத்தியார். முட்டிவலிக்காரர். பிள்ளைகள் கூடுதல் தாள் கேட்டால் நாற்காலியில் இருந்தபடியே எடுத்து நீட்டுவார். கொண்டுபோய்க் கொடுப்பது இருசப்பன்.

10.50. மூன்றாம் பெஞ்சில் ஒரு கை உயர்ந்தது.

"பெரியப்பா... பேப்பர்."

கொடுத்தான். ஒன்று.

11.10. "பெரியப்பா... பேப்பர்." இரண்டு.

11.25. மூன்று. எழுத்துத் தெரியாதவனுக்குப் படிப்பின் அளவு தாள்தானே! எட்டாம் அறையில் எம் பொண்ணு எத்தனை வாங்கினாளோ என்று மனசு அடித்துக்கொண்டது. கதவைத் தாண்டிப் போய்ப் பார்க்க உத்தரவில்லை.

11.40. நாலு. அப்போது வேதாசலம் மெதுவாகச் சொன்னார்:

"இருசப்பா, உம் பொண்ணு வெளுத்து வாங்குதுப்பா."

வேண்டுமென்றே குத்துகிறான் என்று நினைத்தான் இருசப்பன். பல்லைக் கடித்துக்கொண்டான்.

ஐந்தாவது தாளைக் கொடுக்கும்போதுதான் கவனித்தான். மேலே ஃபேன் ஓடுகிறது. எல்லாப் பிள்ளைகளின் ரிப்பனும் ஆடுகிறது. இவள் ரிப்பன் ஆடவில்லை.

12.05. ஆறு. அறை முழுக்கப் பேனாச் சத்தம். கிர்... கிர்... இவள் கை ஓடுகிறது. சத்தமில்லை.

12.20. ஏழு. தாளை நீட்டியபோது விரல் பட்டது. கிணற்றுக்குள் கைவிட்ட மாதிரி ஜில்லென்று...

"பெரியப்பா... பேப்பர்."

வாய் அசையவில்லை.

வேறு நேரமாக இருந்தால் பயந்திருப்பான். அவன் கண்ணுக்குத் தெரிந்தது ஏழு தாள் மட்டும். எல்லாம் எம் பொண்ணு நோட்டு. நான் காட்டின செடி. நான் பிடிச்ச தண்ணி.

12.47. அவள் எழுதி முடித்துத் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். நீல இங்க். இருசப்பன் கையில் சொம்பு.

அவள் நிமிர்ந்தாள்.

சிரித்தாள்.

"ஊத்து, பெரியப்பா."

ஊற்றினான்.

ஒரு சொம்புத் தண்ணீர். எட்டுத் திசையிலும் நீலம் ஓடியது.

"யோவ்! இன்னாய்யா பண்ற?" வேதாசலம் கத்தினார்.

"கை தவறிடுச்சி சார்."

பெஞ்சில் அவள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். பல் தெரிய.

1.00. மணி அடித்தது.

பிள்ளைகள் எழுந்தார்கள்.

மூன்றாம் பெஞ்சில் எழுந்தது...

சுலோச்சனா.

முகமெல்லாம் கண்ணீர். கையெல்லாம் இங்க்.

"நைனா..."

அவன் எட்டாம் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"ஏன் நைனா ஊத்தின? ஊத்தாத, ஊத்தாதன்னு கெஞ்சனேனே நைனா..."

பத்து மணியிலிருந்து அந்த பெஞ்சில் சுலோச்சனாதான். வேதாசலம் சொன்னார். முன் பெஞ்சும் பின் பெஞ்சும் சொன்னது. பிரபா எட்டாம் அறைக் கதவிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தாள்.

தண்ணீரில் கரைந்ததற்கு மார்க் போட முடியாது. பிரபாதான் முதல். கௌஸ் பாய் சொன்ன சொல் தவறாமல் அவளைக் காஞ்சிபுரத்தில் காலேஜில் சேர்த்தார். சுலோச்சனா ஜூன் மாதத்திலிருந்து களை எடுக்கப் போனாள். அப்பனோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

இதோடு விட்டிருந்தால் மனப்பிராந்தி என்று நானும் சொல்லியிருப்பேன். காலேஜுக்குப் புறப்படும் காலையில் பிரபா வந்து இருசப்பன் காலில் விழுந்தாள்.

"உன்னாலதான் பெரியப்பா. அன்னிக்கி பரிட்சை ஹால்ல எனக்கு எல்லாம் மறந்துபோச்சி. அழுதுக்கினு இருந்தேன். நீதான் வந்து தண்ணி குட்த்து, பக்கத்துலயே நின்னு, ஒவ்வொரு செடியா பேர் சொன்ன. டீச்சர்கூட கண்டுக்கல."

எட்டாம் அறைக்கு அன்று தண்ணீர் கொடுக்க ஆளே போடவில்லை. இருசப்பன் 9.58 முதல் 1.00 வரை ஏழாம் அறை வாசலைத் தாண்டவில்லை.

"நான்தானா?" என்றான். "நல்லா பாத்தியா?"

"இன்னா பெரியப்பா இப்டி கேக்கற? நீயேதான். பொறந்ததுலேர்ந்து அன்னிக்கித்தான் மொத மொறயா என்னப் பாத்து சிரிச்ச."