மூன்றாம் முறை கூப்பிடும்வரை

இது நடந்தது. சுதாகரனைத் தெரிந்தவர்கள் நம்புவார்கள். பொய் சொல்லக்கூடச் சோம்பல்படுகிற ஆள் அவன்.

இலங்கை மலையகத்தில், லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் இருந்துகொண்டு அவன் கணினிச் சாகச விளையாட்டு ஒன்று செய்துகொண்டிருந்தான். பனிமூட்டத்தில் தேயிலை மலைக்குள் தொலைந்துபோன பெண்ணை, மைக்கில் கூப்பிட்டுக் கூப்பிட்டே தேட வேண்டும். பதில்களை அவன் எழுதி வைக்கவில்லை. நாம் பேசுவதைக் கேட்டு, இணையம் வழியாகச் செயற்கை நுண்ணறிவு அப்போதைக்கப்போது பதில் சொல்லும். ஒரு விதி மட்டும் போட்டிருந்தான்: மூன்றாம் முறை கூப்பிட்டால்தான் அவள் பேசுவாள். பனிக்குள் ஒரு தடவை மட்டும் கூப்பிடுவது பேய் என்பது தோட்டத்து நம்பிக்கை. மூன்று முறை குரல் கேட்காமல் அங்கே யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

அந்தப் பெண்ணுக்குப் பிரியந்தி என்று பெயர் வைத்தான். அவன் தங்கச்சியின் பெயர். போன வருட மண்சரிவில் போனவள். நொடியில் உயிர் போயிருக்கும், வலி தெரிந்திருக்காது என்று எல்லோரும் சொன்னார்கள். அந்த ஆறுதலைப் பிடித்துக்கொண்டுதான் அம்மா நாகலெட்சுமி ஒரு வாய் சோறாவது தின்றாள்.

அன்று மாலை நாலே கால். வெளியே மலையே தெரியாத பனி. பகல் முழுக்க அவன் திரையில் தேயிலைச் செடி வரைந்துகொண்டிருந்தான். தேத்தண்ணி கொண்டுவந்த அம்மா, மைக்கிடம் குனிந்தாள்.

"பிரியந்தி..."

ஒரே தடவைதான்.

"ஏம்மா அன்னைக்கிப் பேசல?"

விளையாட்டில் பிரியந்திக்கு அவன் கொடுத்த குரல்தான். ஆனால் விதி...

அம்மாவின் கையிலிருந்த கோப்பை கீழே விழுந்தது.

"மண்ணு சரிஞ்ச பொறவு 'அம்மா'ன்னு ஒரு சத்தம் கேட்டுச்சுடா. ஒரே தடவ. அவ கடைக்குப் போயிருக்கான்னு இருந்தேன். பேய்ன்னு நெனச்சு... வாயத் தொறக்கல."

சுதாகரன் மடிக்கணினியை மூடினான்.

"மெஷின் எதையாச்சும் உளறும்மா. அதுக்கு என்னா தெரியும்?"

அம்மா குனிந்து, விழுந்த கோப்பையை எடுத்தாள். பிறகு மெல்லத் தலையாட்டினாள்.

மறுநாள் டேட்டா போட றிஷாத்தின் போன் கடைக்குப் போனான்.

"இப்ப எதுக்கு டேட்டா? நேத்து காலையிலயே டவர் விழுந்துட்டு. இந்தப் பக்கம் பூரா இன்னும் சிக்னல் இல்ல."

வீட்டு வாசலில் அம்மா நின்றிருந்தாள்.

"மெஷின்தானேடா பேசுச்சு?"

"ஆமாம்மா" என்றான்.