சாமி அடுப்பும் கிருபைராஜும்

காட்டிலாகாக்காரருக்கு வாழ்க்கைப்படுவதும் சக்களத்தி இருக்கிற வீட்டுக்கு வாழப்போவதும் ஒன்றுதான். என் வீட்டுக்காரர் கிருபைராஜ் முண்டந்துறைக் காட்டில் வனக்காவலர். நான் பாளையங்கோட்டையில் டீச்சர். வண்ணார்பேட்டையில் பஸ் போகிற ரோட்டோரமாக வாடகை வீடு. மாதத்தில் பாதி நாள் அவர் மலையில் கிடப்பார். வீட்டுக்கு வந்தாலும் மருத மரம் பூத்தது, மலை அணில் குட்டி போட்டது என்று அந்தச் சக்களத்தி பேச்சுதான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"நான் இருக்கேனா செத்தேனான்னு ஒரு நாளாவது கேட்டிருக்கியளா?" என்பேன். சிரிப்பார். அவ்வளவுதான் பதில்.

தொண்ணூற்றாறாம் வருஷம் ஐப்பசி மழையில், ரோந்து போன இடத்தில் ஒரு கரடி அவரை அடித்துப் போட்டுவிட்டது. கூடப்போன வாட்சர் முத்துமாலைதான் தோளில் தூக்கிக்கொண்டு ஜீப் நிற்கிற இடம் வரைக்கும் வந்தவர். அவர் இல்லையென்றால் நான் தாலியறுத்திருப்பேன். தையல் போட்ட முதுகும் தோளும் ஆறிவிட்டன. பேச்சு மட்டும் வரவில்லை. "நாக்குக்கு ஒன்றுமில்லை, பயம் உள்ளே உட்கார்ந்திருக்கிறது, வருகிறபோது வரும்" என்று சொல்லிவிட்டார் டாக்டர்.

கிறிஸ்துமஸ் போனது, பொங்கல் போனது. சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். ரோட்டில் பஸ் ஹாரன் அடித்தால் இரண்டு கையும் வெடவெடவென்று நடுங்கும். ஜெபம் பண்ணினேன், ஏசினேன், காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஒரு 'உம்' கூடக் கிடையாது. வாய் ஓயாத எனக்கு இதைவிடத் தண்டனை வேண்டுமா?

"பேச்சு வரட்டும், ஸ்வீட்லின். ஆபீஸ் வேலைக்கு மாத்தி வாங்கிருவோம். காட்டுப் பக்கமே இனிமே தலைவச்சுப் படுக்க வேண்டாம்" என்றான் என் அண்ணன் தேவசிகாமணி. எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. என் புருஷன் வாயைத் திறக்க வேண்டும், திறந்த கையோடு அவரை அந்தக் காட்டிலிருந்து பிரித்துக் கூட்டி வந்துவிட வேண்டும்.

பங்குனி உத்திரத்துக்கு முன்னால் முத்துமாலை வந்தார்.

"மதினி, உத்திரத்துக்கு நம்ம காட்டுக்குள்ள சொரிமுத்தையனார் கோயில்ல கூட்டம் நெரியும். எல்லாருக்கும் அங்கனதான் டூட்டி. அண்ணாச்சியையும் கூட்டிட்டு வாங்க."

"கரடி வாயிலயே கொண்டுபோய் விடச் சொல்லுதீரா?"

"அம்புட்டுக் கூட்டத்துல கரடி எங்க வருது? அவுக வேலை ஒண்ணும் பாக்க வேண்டாம். சும்மா மரத்தடியில உக்காந்திருக்கட்டும்."

அரை மனதோடுதான் அவரைக் கூட்டிக்கொண்டு காரையாறு பஸ் ஏறினேன். அந்தக் காட்டுக்குள் நான் கால் வைத்தது அன்றைக்குத்தான். இரண்டு வார்த்தை திட்டிவிட்டு வரலாம் என்று போனவள், என்னத்தைச் சொல்ல, வாயடைத்துப் போனேன். நாலு பேர் கைகோர்த்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத மருத மரங்கள் ஆற்றுக்கு மேலே சாய்ந்து நின்றன. வெயில் கீழே வந்து சேருவதற்குள் பச்சையாகிவிட்டிருந்தது. தண்ணீருக்கடியில் கிடக்கிற கூழாங்கல்லின் கோடு கூடத் தெரிந்தது. எங்கள் வண்ணார்பேட்டைப் பாலத்துக்கடியில் சோப்பு நுரையோடு போகிறதே, அதே தாமிரபரணி. நான் குடிக்கிற தண்ணீர், என் பள்ளிக்கூடப் பிள்ளைகள் தின்கிற சோறு, எல்லாம் இந்த மரங்களின் காலடியில் இருந்துதான் வருகிறது என்பது புத்தகத்தில் நானே நடத்துகிற பாடம். பார்த்தது அன்றைக்குத்தான். இத்தனை பெரிய ஒன்றைக் காப்பதற்குக் கையில் கம்போடு இந்த மாதிரி நாலைந்து மனுஷர்கள்.

என் வீட்டுக்காரர் ஒரு மரத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். வெகுநேரம் நின்றார். கை நடுங்கவில்லை. வீட்டில் மேல்மூச்சு வாங்கிக்கொண்டிருந்த நெஞ்சு நிதானமாக ஏறி இறங்குவதைப் பார்த்தேன். வைத்தியம் செய்யாததை அந்த மரத்தடி செய்துகொண்டிருந்தது. எனக்குப் பொறாமையாகவும் இருந்தது, கும்பிடவும் தோன்றியது.

மத்தியானம் ஆற்றங்கரை நெடுகப் பொங்கல் அடுப்புகள். குலசேகரன்பட்டினத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் பானையை இறக்கிவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பியது. மூன்று கல்லுக்கு நடுவில் கங்கு அப்படியே கிடந்தது. சுற்றிலும் பங்குனி வெயிலில் காய்ந்த சருகு. முத்துமாலை குடத்துத் தண்ணீரோடு வந்தார். அந்த வீட்டுப் பெரியவர் குறுக்கே வந்து நின்றார்.

"சாமி அடுப்புல தண்ணி ஊத்தக் கூடாது வே. குடும்பத்துக்கு ஆகாது. தானா அவியும், விடும்."

"அவியுததுக்குள்ள காடு அவிஞ்சிரும், அண்ணாச்சி."

பெரியவர் குடத்தைப் பிடித்துக்கொண்டார். முத்துமாலை இழுக்க, அவர் இழுக்க, பேச்சு தடித்தது. அதற்குள் ஒரு காற்று வீசியது. ஒரு கங்கு பறந்துபோய்ச் சருகில் விழுந்து, மெல்லிசாகப் புகை எழுந்தது.

என் பக்கத்தில் இருந்தவரைக் காணோம். புகைந்த சருகைக் காலால் மிதித்துத் தேய்த்துவிட்டு, ஆற்று மணலை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு அடுப்புப் பக்கம் போய் உட்கார்ந்தார்.

"தண்ணி ஊத்தல, அண்ணாச்சி. ஆத்து மணல்தான் போடுதேன். சாமி மண்ணு. குத்தமில்ல."

அவர் குரல்தான். கரகரவென்று துருப்பிடித்த குரல். பெரியவர் ஒரு கணம் யோசித்துவிட்டு, "மணலுன்னா சரிதான்" என்று தானும் ஒரு கை அள்ளிப் போட்டு, அடுப்பைத் தொட்டுக் கும்பிட்டார். குடத்தைக் கீழே வைத்த முத்துமாலை துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றார். வருஷா வருஷம் இப்படித்தானாம், முத்துமாலை பிறகு சொன்னார். சனங்களின் மனமும் நோகாமல் நெருப்பும் பரவாமல் இருக்க என் வீட்டுக்காரர் கண்டுபிடித்த வழியாம் இது; அவசரத்தில் முத்துமாலைக்கே அது தோன்றவில்லையாம். சர்ச்சுக்குப் போகிற இந்த வேதக்காரர் கையால் மணல் விழுந்தால்தான் சில குடும்பம் பஸ்ஸே ஏறுமாம். எனக்கு அன்றுவரை யாரும் சொன்னதில்லை.

இத்தனை மாதம் நான் உருகி உருகிக் கேட்டதற்கு வராத பேச்சு, யாரோ முகம் தெரியாத ஆளிடம், ஓர் அடுப்புக்காக வந்தது. எனக்கு ஆத்திரம் பொங்கியது. ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொள்ளவும் வேண்டும் போல இருந்தது. இரண்டையும் செய்யாமல் நின்றேன்.

அவர் நிமிர்ந்து கரையைப் பார்த்தார். கண்ணுக்கெட்டிய மட்டும் அடுப்புகள் புகைந்துகொண்டிருந்தன. பிறகு என்னைப் பார்த்தார்.

"ஸ்வீட்லின், காஞ்ச மணல் பத்தாது. தண்ணி ஓரத்துல ஈரமா அள்ளிட்டு வா."

அண்ணன் சொன்ன ஆபீஸ் வேலை இனி நடக்காது என்று எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. தெரிந்தும், முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டு ஆற்றில் இறங்கினேன்.