வெள்ளை அம்பாசடரும் ஒட்டுப்பாலும்

போன வாரம் நெய்யாற்றின்கரையில் காரை சர்வீசுக்கு விட்டிருந்தேன். கண்ணாடி அறை ஒன்றில் உட்கார வைத்து, காகிதக் கோப்பையில் காப்பி தந்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் கார் அந்தரத்தில் நின்றது. அதன் வயிற்றிலிருந்து பழைய ஆயில் கறுப்பு நாடாபோல இறங்கிக்கொண்டிருந்தது. எல்லாம் தெரிந்தது, மணம் மட்டும் வரவில்லை. அறைக்குள் எலுமிச்சை வாசனை அடித்துவைத்திருந்தார்கள். சூடான டீசல் எஞ்சின் ஆயிலுக்கு ஒரு மணம் உண்டு. அடிபிடித்த எண்ணெய்ச் சட்டியை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினால் வருமே, அதுபோல. எனக்குப் பிடித்த மணங்களில் ஒன்று. வெளியே சொன்னால் சிரிப்பீர்கள்.

அந்த மணத்தோடு நினைவுக்கு வருவது எங்கள் வெள்ளை அம்பாசடர். டீசல் வண்டி. வளைகுடாவுக்குப் போகுமுன் என் வீட்டுக்காரர் யாரிடமோ வாங்கி, எனக்கு ஓட்டவும் கற்றுத் தந்துவிட்டுப் போனார். பாறசாலையிலிருந்து வெள்ளறடைப் பக்கமாகப் போனால், ரப்பர் மரங்களுக்கு நடுவே எங்கள் வீடு. அங்கே நானும் மாமியாரும் மட்டும். காலையில் மரப்பட்டையை வெட்டிப் பால் எடுப்பது என் வேலை, உறைந்த பாலை ஷீட்டாக அடிப்பது அவர் வேலை.

ஊரில் வேறெந்தப் பெண்ணும் கார் ஓட்டாத காலத்தில் நான் ஓட்டியதற்குக் காரணம் தைரியம் அல்ல, கூச்சம். பஸ்ஸில் போனால் இறங்கும் இடத்தில் "ஆளிறங்கணும்" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். என் வாயிலிருந்து அது வராது. யாராவது சொல்வார்களா என்று பார்த்துக்கொண்டே நிற்பேன். யாரும் சொல்லாவிட்டால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடப்பேன். காரில் யாரிடமும் எதையும் சொல்ல வேண்டாம். நான் நினைத்த இடத்தில் அது நின்றது. அந்த வண்டி எனக்கு எவ்வளவு பெரிய விடுதலை என்பது அதற்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

எல்லையில் மறியலும் பந்தலுமாக இருந்த வருடங்கள் அவை. எங்கள் பகுதி எந்த மாநிலத்தில் சேர வேண்டும் என்று அப்பா காலத்தில் நடந்த பெரிய போராட்டம் வேறு. எங்கள் காலத்தில் காரணம் மாதத்துக்கு ஒன்றாக மாறும். ஒரு மாதம் வண்டி வரி, ஒரு மாதம் அரிசி கொண்டுவரத் தடை. பாதையை அடைப்பது மட்டும் மாறாது. தமிழில் ஒரு கோஷம், மலையாளத்தில் ஒரு கோஷம், இரண்டையும் போடுவது அதே ஆட்கள்தாம். எல்லையைக் கடக்கும் களியக்காவிளையும் பனச்சமூடும் அடைபட்டால் எங்களுக்குப் பாதி உலகம் அடைபட்டது மாதிரி.

அப்படியொரு அடைப்பின்போதுதான் என் வீட்டுக்காரரின் அண்ணன் வந்து நின்றார். நல்ல மனிதர். ஆனால் ஓட்ட ஆண் இல்லாத வீட்டில் கார் எதற்கு என்பது அவருடைய உறுதியான கருத்து.

"பிள்ளே, ஆயில் மாத்தாம இனி ஓட்டினா எஞ்சின் பிடிச்சுப்போவும் கேட்டியா? மெக்கானிக்கு களியக்காவெளையில. பாதைய எப்ப தொறப்பாவளோ? தம்பிகிட்ட போன்ல கேட்டாச்சு. ஆயில் மாத்த வழியில்லேன்னா குடுத்திரச் சொல்லிட்டான். சனியாழ்ச்ச அமரவெளையில இருந்து ஒரு ஆள் வண்டி பாக்க வாறான்."

"செரி அண்ணா" என்றேன். நான் எல்லாவற்றுக்கும் அதைத்தான் சொல்வேன்.

நெய்யாற்றின்கரையில் ஒர்க்ஷாப் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. அங்கே போய் அத்தனை ஆண்களுக்கு முன்னால் நின்று பேச வேண்டுமே. அதைவிட வண்டிக்கு அடியில் படுப்பது எனக்கு எளிதாகத் தோன்றியது. ஆயில் டின்னும் புது ஃபில்டரும் என் வீட்டுக்காரர் வாங்கி வைத்துவிட்டுப் போனவை, அலமாரியின் மேல் இருந்தன. அவர் ஆயில் மாற்றும்போது ஸ்பானர் எடுத்துக் கொடுத்தவள் நான்தானே.

சனிக்கிழமை பால் எடுத்து முடித்ததும், மரம் வெட்டப் போடும் அதே கைலியோடும் அவருடைய பழைய சட்டையோடும் வேலையைத் தொடங்கினேன். எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடாக்கினேன். சூடானால்தான் ஆயில் இளகி முழுதும் இறங்கும். சக்கரங்களுக்குக் கல் வைத்து, சாக்கை விரித்து உள்ளே போனேன். பழைய ஆயிலைப் பிடிக்கப் பாத்திரம் வேண்டும். ரப்பர் பால் உறைய வைக்கும் அலுமினிய டிஷ்ஷை எடுத்துக்கொண்டேன்.

"எட்டி, அது எனக்க டிஷ்ஷாக்கும்!" என்று மாமியார் கத்தியபோது எஞ்சினின் அடிப் போல்ட் கழன்றுவிட்டது. சூடான ஆயில் என் முழங்கைவரை வழிந்தது. இனி அந்த டிஷ்ஷைக் கேட்டு என்ன பயன்?

அடுத்தது ஃபில்டர். எஞ்சினின் பக்கவாட்டில் ஒரு இரும்புக் குடுவை உண்டு, அதற்குள் ஃபில்டர் இருக்கும். குடுவையைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, புது ஃபில்டரை வைத்தேன். குடுவையின் வாய் மேலே ஒரு பள்ளத்தில் போய் உட்கார வேண்டும். இடைவெளியை அடைக்க ஒரு ரப்பர் வளையம். டப்பாவில் இருந்த புது வளையத்தைப் பள்ளத்தில் வைத்துக் குடுவையை முறுக்கினேன். புது ஆயிலை ஊற்றினேன். தேன் நிறம். பெருமையாக ஸ்டார்ட் செய்தேன்.

அண்ணன் சைக்கிளைச் சாய்த்து வைத்த நேரமும் அதுதான். வண்டிக்கு அடியில் தேன் கொட்டியது.

"நிறுத்து! நிறுத்து பிள்ளே! நான் அப்பவே சொன்னேனா இல்லியா? இது பெண்ணுவளுக்கு உள்ள பணியா?"

நிறுத்திவிட்டு இறங்கினேன். அந்த ஆள் வரும் நேரமாகிவிட்டது. வண்டி போனது என்றே நினைத்தேன். மாமியார் குனிந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"சவத்தெ, ஒட்டுப்பால் எடுக்காம வெட்டின மரம் மாதிரி ஒழுகுதே!"

ரப்பர் மரத்தில் நேற்று வெட்டிய பள்ளத்தில் பால் காய்ந்து நாடாவாக ஒட்டிக்கிடக்கும். அதுதான் ஒட்டுப்பால். அதைப் பிய்த்து எடுத்துவிட்டுத்தான் இன்று வெட்ட வேண்டும். எடுக்காவிட்டால் பால் பள்ளத்தில் நிற்காமல் பட்டை வழியே வழிந்துவிடும். தினமும் காலையில் மரம் மரமாக நான் செய்கிற முதல் வேலையே அதுதான்.

மறுபடி வண்டிக்கு அடியில் போனேன். குடுவையை இறக்கிப் பள்ளத்தை விரலால் தடவினேன். புது வளையத்துக்கு மேலே, இரும்போடு இரும்பாகக் கறுத்து இறுகி, பழைய வளையம் அங்கேயே இருந்தது. தாலிச் செயினில் தொங்கிய ஊக்கைக் கழற்றி அதன் நுனியைக் கொடுத்தேன். ஒட்டுப்பால் போலவே, ஒரு முனை எழும்பியதும் முழுதும் உரிந்து வந்தது. அந்த நொடியில் வண்டிக்கு அடியில் ஒருத்தி தனியாகச் சிரித்தாள். யாரும் பார்க்கவில்லை.

புது வளையம் மட்டும் வைத்து முறுக்கினேன். டின்னில் மிச்சமிருந்ததை அளவு பார்த்து ஊற்றினேன். ஸ்டார்ட் செய்துவிட்டு மூன்று பேரும் குனிந்து நின்றோம். ஒரு சொட்டு இல்லை.

அமரவிளைக்காரர் அதற்குள் வந்து, எங்கள் பின்னால் நின்று சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"வண்டி கொள்ளாம் கேட்டோ. எஞ்சின் நல்ல சுகமாயிட்டு ஓடுது. நான் எடுத்துக்கிடுதேன்" என்றார்.

அண்ணன் முகம் மலர்ந்தது. இப்போது யாராவது பேச வேண்டும். பஸ்ஸில் காத்திருந்ததுபோல ஒரு கணம் காத்திருந்தேன். யாரும் சொல்லவில்லை.

"குடுக்கதுக்கில்ல" என்றேன்.

"என்னது பிள்ளே?"

"ஆயில் மாத்தியாச்சு அண்ணா. வண்டி குடுக்கதுக்கில்ல."

என் குரல் ரப்பர் மரங்கள்வரை போய்த் திரும்பியது மாதிரி இருந்தது. மாமியார்தான் முதலில் பேசினார். "கேட்டியாலே? அவ சொன்னா சொன்னதாக்கும்." அதற்கு முன் நான் எதுவுமே சொன்னதில்லை என்பதை யாரும் நினைவூட்டவில்லை.

வந்தவர் திரும்பிப் போக பஸ் இல்லை. நானே கொண்டுவிட்டேன், அவர் வாங்க வந்த வண்டியிலேயே. பாறசாலையில் ஊர்வலம் ரோட்டை அடைத்து நின்றது. வெள்ளை அம்பாசடரைக் கண்டதும் ஏதோ பெரிய அதிகாரி என்று நினைத்துக் கூட்டம் விலகியது. ஒருவர் சல்யூட் அடித்தார். உள்ளே கைலியும் கரியுமாக நான். அமரவிளைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். நான் குனியவில்லை.

மறுநாள் சபையில் திருவிருந்து. அப்பம் வாங்கக் கை நீட்ட வேண்டும். எவ்வளவு தேய்த்தும் ரேகைகளிலும் நகக்கண்களிலும் கறுப்பு போகவில்லை. எப்போதும் விரல் நுனியை மட்டும் நீட்டுகிறவள், அன்று இரண்டு உள்ளங்கைகளையும் விரித்தே நீட்டினேன். பின்னால் இருந்த மாமியார் பக்கத்துப் பெண்ணிடம் கிசுகிசுத்தது ஆலயம் முழுதும் கேட்டது. "வண்டிக்க ஆயிலாக்கும். அவளே மாத்தினா."

சில மாதங்கள் கழித்து அண்ணன் தான் வாங்கிய ஒரு பழைய ஜீப்பை எங்கள் முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். "பிள்ளே, சமயம் உண்டா?" என்று வேறெங்கோ பார்த்துக்கொண்டு கேட்டார். "செரி அண்ணா" என்றேன்.

மாமியார் காலமாகிப் பல வருடங்களாகிவிட்டன. அம்பாசடரையும் பிறகு ஒருநாள், நானே முடிவு செய்து, நானே கடைசியாக ஆயில் மாற்றிக் கொடுத்து அனுப்பினேன். அமரவிளையில் வண்டிகளை நிறுத்திச் சோதித்த இடத்தை இப்போது யாரும் வேகம் குறைக்காமலே கடக்கிறார்கள். மறியல் பந்தல் நின்ற இடத்தில் செல்போன் கடை. எங்கள் மரங்களில் பாதியை வெட்டிவிட்டு அந்த இடத்தில் வீடு கட்டிவிட்டார்கள். கழுவித் திரும்ப மாட்டும் இரும்புக் குடுவையும் இன்றைய கார்களில் இல்லை, முழு ஃபில்டரையும் கழற்றி எறிகிறார்கள்.

கண்ணாடிக் கதவைத் திறந்து ஒரு பையன் வந்து, "எல்லாம் ஓக்கே ஆன்டி" என்று சாவியைத் தந்தான். வாங்க நீட்டிய கையைப் பார்த்தேன். ஆயில் மாற்றிய நாளிலும் அது இவ்வளவு சுத்தமாக இருக்கிறது.